காஜா பாட்டுக்குக் காரம் சொல்ல அனுமதி வேண்டி

பீர்க்கன்கரணை,
செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்குரிய போதகர் ஜேசன் ஐயா அவர்களுக்கு, உம் அக்காள் ரத்தினபாயின் கணவன் ஞானையா எழுதிக்கொள்வது. இங்கே நான், உம் அக்காள், மகள் ஜெனி மூவரும் ஆண்டவர் கிருபையால் நலம். அங்கே படப்பையில் நீரும் தங்கச்சியும் பிள்ளைகளும் சபையாரும் நலமாயிருக்க வேண்டிக்கொள்கிறோம். கோயிலில் புதிதாக வாங்கிய ஒலிபெருக்கி கீச்சுக்கீச்சென்று கத்துவது நின்றதா என்று கேட்க ஆசைதான். ஆனால் அப்படிக் கேட்டால் அதுவே குறை சொன்னதாக ஆகிவிடுமோ என்று பயந்து கேட்காமல் விடுகிறேன். என் நிலைமை இப்போது இதுதான் ஐயா.

நீர் இந்த லெந்து நாட்கள் முழுக்க, ஈஸ்டர் வரைக்கும், கைப்பேசியை விட்டுவிட்டீர். நல்ல காரியம். அதனால்தான் அவசரத்துக்கு உம்மைப் பிடிக்க முடியாமல் காகிதமும் பேனாவும் எடுக்க வேண்டியதாயிற்று. ஜெனியின் கம்பெனி பஸ் நாளைக் காலை ஒரகடம் போகிற வழியில் படப்பை கடைத்தெருவில் நிற்கும், அவள் இறங்கி ஓடிவந்து உம் கையில் இதைக் கொடுப்பாள். பதிலை அவளிடமே சாயங்காலம் கொடுத்தனுப்பும். வெள்ளிக்கிழமைக்குள் எனக்குப் பதில் வந்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்றால் எல்லாம் கைமீறிப் போயிருக்கும். கவரைக் கோந்து போட்டு ஒட்டி அதன் மேல் டேப்பும் சுற்றியிருக்கிறேன், ஜெனி பிரிக்கக் கூடாத காரணம் ஒன்று உள்ளே வருகிறது.

லெந்து தொடங்கின சாம்பல் புதன் அன்று நீர் செய்த பிரசங்கம் உமக்கு ஞாபகம் இருக்கும். கறியை விடுவதும் மீனை விடுவதும் பெரிய காரியமில்லை, நாக்கால் செய்கிற பாவத்தை விடுங்கள், நாற்பது நாள் யாரையும் எதையும் குறை சொல்லாமல் இருக்க உங்களில் யாருக்காவது தைரியம் உண்டா என்று கேட்டீர். கேட்டுவிட்டுச் சபையை ஒரு சுற்றுப் பார்த்தீர். சபை என்னைப் பார்த்தது. அத்தனை பேரும் ஏன் என்னையே திரும்பிப் பார்த்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை, சரி, போகட்டும். உம் அக்காள் என் விலாவில் முழங்கையால் ஒரு குத்துக் குத்தினாள், அந்தக் குத்துக்குத்தான் நான் எழுந்தேன், பக்தியால் அல்ல. எழுந்தவனை நீர் சும்மா விட்டீரா? மைக்கைக் கையில் கொடுத்து, நாற்பது நாள் குறை சொல்ல மாட்டேன் என்று உரக்கச் சொல்லவைத்தீர். தவறினால் ஈஸ்டர் அன்று இதே மைக்கில் சபை முன்னால் வந்து அறிக்கையிட வேண்டும் என்று வேறு சிரித்துக்கொண்டே சொன்னீர். சபையே கைதட்டியது. ஆயுள் முழுக்க ஒரகடத்துத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு உதிரிபாகத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறல் இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளியவன் நான். குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கியவனிடம் அதை விடச் சொன்னால் அவன் எதை வைத்துப் பேசுவான் என்று நீர் யோசிக்கவே இல்லை, மாப்பிள்ளை.

அன்றிலிருந்து இந்த வீட்டில் நடப்பது உமக்குத் தெரியாது. உம் அக்காள் சாம்பாரில் உப்பு போட மறந்தாள், நான் சாப்பிட்டேன். மறுநாள் மறக்கவே இல்லை, வேண்டுமென்றே போடவில்லை, நான் சாப்பிட்டேன். இப்போது காலையில் உப்புமா, ராத்திரியும் உப்புமா. "எப்பிடி இருக்கு?" என்று கேட்டுவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். "சூடா இருக்கு" என்கிறேன். வேறு என்ன சொல்ல? பெருங்களத்தூர் சிக்னலில் ஒரு ஆட்டோ என் காலின் மேலேயே ஏறி இறங்கப் பார்த்தது, அந்த ஆளைப் பார்த்து "பாத்துப் போங்க தம்பி" என்று சொல்லிவிட்டு வந்தேன், அவர் பயந்துபோய் வண்டியை ஓரங்கட்டிவிட்டார். இதையெல்லாம் நான் தாங்கிக்கொண்டேன். இதற்குக் காரணம் உண்டு. மைக்கில் சொன்ன பொருத்தனையோடு மனசுக்குள் இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டேன். இதைக் காத்தால் ஜெனிக்கு இந்த வருஷமாவது ஒரு நல்ல இடம் அமைய வேண்டும் என்று. இரண்டு இடம் தட்டிப்போனது உமக்குத் தெரியும். அவள் ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வந்தாலும் எடுத்துப் பார்க்காமல் அறைக்குள் போய்விடுகிறாள். எனக்கு அது தாங்கவில்லை. ஆகவே பொருத்தனையை மீறிவிட்டால் அது அவள் தலையில் விடியுமோ என்ற பயத்தில்தான் உப்பில்லாச் சாம்பாரை விழுங்கிக்கொண்டு இருந்தேன். இந்தச் சமயத்தில்தான் அடுத்த வீட்டுக் காஜா பாட்டு எழுதிக்கொண்டு வந்தார்.

காஜாவை உமக்குத் தெரியும், போன கிறிஸ்துமஸுக்கு நீர் வந்தபோது எங்கள் வீட்டுக் குழாயைச் சரிபண்ணிக் கொடுத்தாரே, அவரேதான். பெருங்களத்தூரில் ஜிஎஸ்டி சாலையை ஒட்டிக் குழாய், மோட்டார் சாமான் கடை வைத்திருக்கிறார். கடை நேரம் போக மீதி நேரம் பாட்டு எழுதுவார். நானும் ஏதோ இரண்டு கீர்த்தனை எழுதுகிறவன். சங்கீத டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற சுபத்ரா மேடம் குழந்தைகளுக்குப் பாட்டுக் கட்டுகிறார். நாங்கள் மூவரும் சாயங்காலம் ஏரிக்கரையில் நடந்து முடித்து, ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, ஒருவர் பாட்டை மற்றவர் கேட்டு அபிப்பிராயம் சொல்வது வழக்கம். முதலில் எல்லாம் சண்டையில் முடியும். அதனால் சுபத்ரா மேடம் ஒரு விதி போட்டார். டிபன் கொடுக்கிற மாதிரிதான் அபிப்பிராயமும் கொடுக்க வேண்டும், முதலில் இனிப்பு, பிறகு காரம், கடைசியில் காபி. இனிப்பு என்றால் பாட்டில் பிடித்தது. காரம் என்றால் பிடிக்காதது. காபி என்றால், "சரி, அடுத்தது எப்ப?" என்று நாலு வார்த்தை ஆறுதலாகக் கேட்டு அனுப்பி வைப்பது. இந்த விதியை நான் மனமாரக் கடைப்பிடித்து வந்தேன். "கையெழுத்து நல்லா இருக்கு" என்று இனிப்பைச் சொல்லிவிட்டுக் காரத்தை ஆரம்பித்தேன் என்றால் ஏரியை இன்னொரு சுற்றுச் சுற்றி வரும் வரை போகும். காஜா ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டே கூட நடப்பார். "உன்னை மாரி உண்மை சொல்ற ஆளு இந்தத் தாம்பரத்துலயே கெடையாதுண்ணா" என்பார்.

அவர் மகள் ஃபாயிசாவுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளைப் பையன் அய்மான், உம் ஊர் படப்பைதான். சாயங்காலம் வரவேற்பில் மேடை ஏறி மகளுக்காகத் தானே எழுதிய பாட்டைத் தானே பாட வேண்டும் என்று காஜாவுக்கு ஆசை. ரமலான் நோன்பு ஆரம்பித்த முதல் வாரம், ஒரு நாள் சாயங்காலம் என்னை மட்டும் ஏரிக்கரைக்கு அழைத்துப் போய் பெஞ்சில் உட்காரவைத்தார். வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாத நேரம். எச்சிலைக்கூட யோசித்து விழுங்கிக்கொண்டு ஒன்பது சரணம் பாடினார் ஐயா, ஒன்பது! பல்லவி இப்படிப் போகிறது:

ஒழுகாத கொழாயே ஃபாயிசா – எங்க
வூட்டுக்கு நீதானே மெயின் சுவிட்சா

இது பல்லவி. இதற்கே நான் பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். முதல் சரணத்தில் மகளை வால்வு என்கிறார், கேட் வால்வா, பால் வால்வா என்பது தெளிவாக இல்லை. இரண்டாம் சரணம் வந்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. அவர் கடைக்கு ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி விளம்பரம் பண்ணினாரே, அந்த விளம்பரப் பாட்டில் இருந்த இரண்டு வரியை வீணாக்க மனசில்லாமல் இதில் தூக்கிப் போட்டிருக்கிறார்:

அடுத்த கடைப் பைப்பெல்லாம் வெடிச்சுப் போகுமே
காஜா கடைப் பைப்புதானே காலம் தாங்குமே

இதில் என்ன தப்பு என்று கேட்பீர். மாப்பிள்ளையின் தகப்பனார் மஹீன் பாய் என்ன தொழில் செய்கிறார் என்று உமக்குத் தெரியுமா? உம் கோயிலுக்கு எதிர்வரிசையில் படப்பை கடைத்தெருவில் பெரிதாகப் பைப் கடை வைத்திருப்பவர் அவர்தான். சம்பந்தியை முன்வரிசையில் உட்காரவைத்து, அவர் ஊர்க்காரர்கள் எல்லாம் கேட்க, அடுத்த கடைப் பைப் வெடிக்கும் என்று மைக்கில் பாடினால் அந்தக் கல்யாணம் என்னத்துக்கு ஆகும்? நான்காம் சரணம் அதற்கும் மேலே. தீபாவளிக்கு முதல் நாள் கூட்டத்தில் பெருங்களத்தூர் தாண்ட முடியாமல் ஃபாயிசா ஆட்டோவிலேயே பிறந்த கதை முழுவதும் அதில் வருகிறது, ஆட்டோ டிரைவரின் புலம்பல் உட்பட. ஏழாம் சரணம் மட்டும் வேறு மாதிரி. அதை இங்கே எழுதிவிடுகிறேன், பிற்பாடு தேவைப்படும்:

தொட்டி நெறஞ்சா நிறுத்திருவேன், சுவிட்சு கீது சுவத்துல
கண்ணு நெறஞ்சா நிறுத்துறதுக்கு சுவிட்சு எங்க கீது மகளே

இதைப் பாடும்போது அவர் குரல் கம்மியது. ஜெனி ஞாபகம் வந்துவிட்டது. ஏரியைப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உடனே எட்டாம் சரணத்தில் செப்டிக் டேங்க் வந்து என்னைக் காப்பாற்றியது.

பாடி முடித்து என் முகத்தைப் பார்த்தார். நான் இனிப்பைச் சொன்னேன். குரலில் உருக்கம் இருக்கிறது, தகப்பன் மனசு தெரிகிறது, ஏழாவது சரணம் பிரமாதம், தாளம் எங்கேயும் விழவில்லை என்று வழக்கத்துக்கு மேலேயே சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு வாயை இறுக்க மூடிக்கொண்டேன். அவர் காத்திருந்தார். நாரை ஒன்று வந்து தண்ணீரில் இறங்கிற்று, அதையும் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். "இன்னாண்ணா, காரம் எங்க?" என்றார். இல்லை என்று தலையை ஆட்டினேன். "காரமே இல்லியா?" மறுபடி ஆட்டினேன். "பல்லவிலகூடவா?" அந்தப் பல்லவியை நினைத்ததும் நாக்கு நுனி வரை வந்துவிட்டது ஐயா, பல்லைக் கடித்து உள்ளே தள்ளினேன். அவர் எழுந்து நின்று, நடைபாதையில் போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்க்க என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "இத்தினி வருசத்துல இதான் மொதல் தபாண்ணா" என்றார். நோன்பு வாய், கண் மட்டும் நனைந்திருந்தது. பொருத்தனை பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை. அதைச் சொன்னால் பாட்டில் குறை இருக்கிறது என்று சொன்ன மாதிரிதானே? உம் அக்காளிடம் சட்டம் கேட்டேன், "ஆமா, அதுவும் கொறதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அந்தக் கட்டிப்பிடித்தலின் விளைவு. மறுநாளே சுபத்ரா மேடத்திடம் பாடிக் காட்டியிருக்கிறார். அந்தம்மா என்னிடம் தனியாக வந்து, "எனக்கென்னவோ கேக்கும்போது பகீர்னுச்சு சார், ஆனா நீங்களே காரம் இல்லேன்னுட்டீங்களாமே, அப்ப என் காதுலதான் ஏதோ கோளாறுன்னு பேசாம வந்துட்டேன்" என்கிறார். ஆக, அந்த வழியும் அடைந்தது, அடைத்தவனும் நான்தான். அடுத்த வாரம் வரவேற்புக்குக் கீபோர்டு வாசிக்க ஆள் பேசிவிட்டார். பாட்டுக்கு முன்னால் இரண்டு வார்த்தை பேசி அவரை மேடைக்கு அழைக்கிற பொறுப்பு யாருக்கு? எனக்கு! "நீ சொன்னா ஜனங்க நம்பும்ணா."

நான் சும்மா இருக்கவில்லை, குறை சொல்லாமலே அவருக்குப் புரியவைக்க என்னென்ன வழி உண்டோ எல்லாம் பார்த்தேன். மண்டபத்தில் பாட்டு நீண்டால் பிரியாணி ஆறிவிடுமே என்று பொதுவாகக் கவலைப்பட்டேன். "அதான் ஒன்பதாவது சரணம் முடிஞ்சப்புறம் தம்மை ஒடைக்கச் சொல்லிட்டேன்" என்றார். ஏழாவது சரணம் ஒன்றே போதும், அதை மூன்று தடவை பாடலாமே என்றேன். "மத்ததுலாம் கோச்சிக்கும்ணா" என்று சிரித்தார். கடைசியாக, கேள்வி கேட்பது குறை ஆகாது என்று துணிந்து, "மஹீன் பாய் என்ன வியாபாரம் காஜா?" என்று ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டேன். "பைப் கடைண்ணா! அதான் ரெண்டாவது சரணம் அவருக்கு ரொம்பப் புடிக்கும், நம்ம லைன் ஆளாச்சே" என்றார். அதற்குள் உம் அக்காள் ஜன்னலில் இருந்து, "என்ன, கொற சொல்லுதீங்களா?" என்று குரல் கொடுக்கிறாள். போலீஸ் ஸ்டேஷனை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு குடித்தனம் பண்ணுகிறேன்.

எல்லாவற்றுக்கும் மேலே, பெருநாளுக்கு இரண்டு நாள் முன்னால் ஃபாயிசா தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி கொண்டுவந்தாள். அவள் அம்மா ஜஹீரா தினமும் கொடுத்தனுப்புவதுதான். அன்றைக்குக் கஞ்சியை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். "அங்கிள், ஒரு ஹெல்ப். அத்தா அந்தப் பாட்டைப் பாடக் கூடாது, ப்ளீஸ்" என்றாள். ஏன் என்று கேட்காமலே சொன்னாள். "நான் ஆட்டோவுல பொறந்தது அய்மானுக்கே தெரியாது அங்கிள். என் ஆபீஸ் டீம் மொத்தமும் வருது. இன்னொண்ணு, அந்தப் பைப் வரி. என் மாமனார் ரொம்ப சென்சிட்டிவ். நான் சொன்னா அத்தா மனசு ஒடஞ்சிரும், பொண்ணே சிரிக்கிறாளேன்னு. நீங்க சொன்னா கேப்பாங்க. நீங்க மட்டும்தான் அவங்ககிட்ட உண்மையைப் பேசுவீங்கன்னு அத்தா எப்பவும் சொல்வாங்க." வாசல் வரை போனவள் திரும்பி, "அந்தத் தொட்டி, சுவிட்ச் வருதுல்ல, அது மட்டும்... அது மட்டும் எனக்கு வேணும் அங்கிள். ஆனா அதுக்காக மத்த எட்டையும் தாங்க முடியாது" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். கஞ்சியில் உப்பு சரியாக இருந்தது. எத்தனையோ நாளைக்கு அப்புறம் உப்புச் சுவை பார்த்தேன், அதைக்கூடச் சந்தோஷமாகக் குடிக்க முடியவில்லை.

ஐயா, இப்போது நான் மாட்டிக்கொண்டிருக்கிற இடத்தைப் பாரும். வாயைத் திறந்தால் என் மகளுக்காக எடுத்த பொருத்தனை போகிறது. திறக்காவிட்டால் என் சிநேகிதன் தன் மகள் கல்யாணத்தில், முன்னூறு பேர் நடுவில், சம்பந்தி முன்னால் தலைகுனிந்து நிற்கப்போகிறார், அதுவும் நான் கைகாட்டி மேடையேற்றி. இன்னும் ஒரு வாரம் தள்ளியிருந்தால் ஈஸ்டர் வந்திருக்கும், நான் வாய் திறந்திருப்பேன். கல்யாணமோ குருத்தோலை ஞாயிறு சாயங்காலம். மனுஷன் காலையில் நான் அவர் கடைப்பக்கம் போகும்போதெல்லாம் ஷட்டரைத் தூக்கிக்கொண்டே அந்தப் பாட்டை முணுமுணுக்கிறார். எனக்குப் பிரஷர் மாத்திரையைக் கூட்டிப் போடலாமா என்று டாக்டரைக் கேட்க வேண்டியிருக்கிறது. நியாயமாகவும் ஒன்று கேட்கிறேன். பொய்ச்சாட்சி கூடாது என்பது பத்துக் கட்டளையில் இருக்கிறது. குறை சொல்லக் கூடாது என்பது உம்முடைய பிரசங்கத்தில்தான் இருக்கிறது. காரம் இல்லை என்று நான் தலையாட்டினது பொய்ச்சாட்சி ஆகாதா? இரண்டில் எது பெரிசு என்று நீர் வேதசாஸ்திரம் படித்தவர், நீரே சொல்லும்.

ஆகையால் போதகர் என்ற முறையில் நீர் எனக்குச் செய்ய வேண்டியது இதுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம், அதிகம் வேண்டாம், ஒரே ஒரு மணி நேரம் என் பொருத்தனையில் இருந்து எனக்கு விடுதலை கொடுத்து, அதனால் ஜெனியின் காரியத்துக்கு ஒரு பாதகமும் வராது என்று உம் கையால் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பும். சபை முத்திரை இருந்தால் நல்லது, உம் அக்காளிடம் காட்ட வேண்டும். பல்லவி ஐந்து நிமிஷம், இரண்டாம் சரணம் பத்து, நான்காம் சரணம் கால் மணி, செப்டிக் டேங்க் ஐந்து, மீதி காபிக்கு. ஈஸ்டர் அன்று மைக்கில் நிற்கவும் நான் தயார். ஜெனிக்காகத்தான் நான் நாக்கைக் கட்டினேன் என்பதை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதேயும், அவள் அதற்கும் வருத்தப்படுவாள்.

உமக்கும் உம் குடும்பத்துக்கும் உம் ஊழியத்துக்கும் எல்லா ஆசீர்வாதமும் பெருகுவதாக. தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்லும். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். உம் அக்காள் உம்மைப் பற்றிக் கேட்டாள், நானும் உம்மைப் பற்றிக் குறை ஒன்றும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
வாய் கட்டப்பட்ட உம் அத்தான்,
ஞானையா.

பின்குறிப்பு: டேப்பைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். மேலே எழுதினதையெல்லாம் நீர் படிக்காத மாதிரி வைத்துக்கொள்ளும்.

கவரை ஒட்டி முடித்த நேரத்தில் காஜா வந்தார். மேடையில் பேசுவதற்குக் குறிப்புக் கொடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் உட்கார்ந்து, "கீபோர்டு ஆளை வேணாம்னுட்டேண்ணா. பாட்டு பாடப் போறதில்ல" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "உன்னை ரொம்ப பேஜார் பண்ணிட்டேன், அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்று சிரித்தார். விஷயம் என்னவென்றால், சாம்பல் புதன் அன்றைக்கே உம் அக்காள் காம்பவுண்டுச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு ஜஹீராவிடம் என் பொருத்தனையை முழுவதும் சொல்லியிருக்கிறாள். மறுநாள் காலையில் காஜாவுக்கும் தெரியும். தெரிந்தேதான் அந்த வாரமே பாட்டைக் கொண்டுவந்திருக்கிறார்.

"பாட்டு எப்படிக் கீதுன்னு எனக்குத் தெரியாதாண்ணா? சம்பந்தி பைப் கடைக்காரரு, அவராண்ட போய் அதைப் பாடுவனா? நீ அவரு தொழிலைக் கேட்டியே, அப்ப உன் மூஞ்சியைப் பாக்கணுமே, சிரிப்பை அடக்க முடியல. நாப்பது நாளைக்கு உன் வாயில இருந்து காரம் வராதுன்னு தெரிஞ்சுது. இத்தினி வருசம் உன்கூட நடந்துகினு கீறேன். ஒரு தபாவாச்சும் நான் பாடி முடிச்சு, நீ நல்லாக் கீதுன்னு சொல்லிட்டு, அதோட வாயை மூடிக்கணும்னு ஆசையா இருந்துச்சுண்ணா. அவ்ளோதான். கொஞ்ச நாளு நானே அதை நம்பிட்டேன், கீபோர்டுலாம் பேசிட்டேன். போதும்ணா, சந்தோஷம்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "காஜா, ஏழாவது சரணத்தை மட்டும் பாடும். அது நிஜமாகவே நல்ல பாட்டு. அன்றைக்கு நான் முகத்தைத் திருப்பினது ஏரியைப் பார்க்க அல்ல" என்றேன். ஃபாயிசா அதைக் கேட்டதையும் சொன்னேன். அவர் என் தோளைத் தட்டி, "லெந்துல நீ வேற இன்னாண்ணா சொல்ல முடியும்? பாப்பாவும் அத்தா மனசு நோகக் கூடாதுன்னு சொல்லியிருப்பா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். நான் வாசல் வரை பின்னாலேயே போய், "நிஜமா காஜா, நிஜமா" என்கிறேன், அவர் திரும்பிப் பார்க்காமலே சிரித்துக்கொண்டு கையை ஆட்டுகிறார். அந்தப் பெண் மேடையில் கேட்க வேண்டும் என்று அழுத இரண்டு வரி என் நல்ல வார்த்தைக்கு மதிப்பில்லாததால் வீணாகப் போகிறது.

எனவே ஐயா, அந்த ஒரு மணி நேர விடுதலை எனக்கு இன்னும் அவசரமாக வேண்டும். பாட்டை நிறுத்துவதற்கு அல்ல, பாடவைப்பதற்கு. மற்ற எட்டுச் சரணத்தையும் நான் வாயாரத் திட்டினால்தான், இந்த ஒன்றை நல்லது என்று சொன்னதை அவர் நம்புவார்.